மூன்று முறை அழைத்தும் வராத ஆள்

வெள்ளிமலைப் பால் சங்கக் கிளையில் ஒரு கணினி இருந்தது. அதில் பென் டிரைவ் செருகும் ஓட்டைகள் அத்தனையையும், குழாய் ஒழுகலை அடைக்கும் பசையை அப்பி மூடியது நான்தான். கோபத்தில் செய்த காரியம். யாரோ ஒரு கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து அதில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெண்ணோடு வைரஸும் சேர்ந்து வந்துவிட்டது. அதைச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் பசையைப் பிசைந்து ஓட்டை ஓட்டையாக அடைத்து, "இனிமே எவன் செருகறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி இறங்கிவந்தேன். விசைப்பலகையும் மவுஸும் பழைய வட்ட முனை கொண்டவை என்பதால் தப்பித்தன. எனக்குக் கோபம் வந்தால் அரைகுறையாக வராது.

கள்ளக்குறிச்சியில் நான் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பால் சங்கத்தின் தலைமை அலுவலகம் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சின்னச் சங்கம்தான். கீழே ஒரு கணினி, மலைமேல் ஒரு கணினி, இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க், எல்லாம் என் பொறுப்பு.

மலைக் கிளையில் பால் அளப்பதும் பதிவு எழுதுவதும் ஒரே ஒரு அக்கா. அவர் செய்துவைத்திருந்த வேலையை முதல்முறை பார்த்தபோது அசந்துபோனேன். சுற்றுவட்டார மாடுகள் எல்லாவற்றையும் ஒன்பது வருடமாகப் பதிந்து வைத்திருந்தார். மலை மாடு காட்டில் மேய்வது. காதில் மாட்டிய எண்வில்லையை முள்ளில் விட்டுவிட்டு வரும். அதனால் ஒவ்வொரு மாட்டின் மூக்கையும் படம் எடுத்து வைத்திருந்தார். நமக்குக் கைரேகை மாதிரி மாட்டுக்கு மூக்கு ரேகையாம். அதன் பக்கத்தில் தாய் எது, தந்தை எது, என்றைக்கு சினை ஊசி போட்டது, எந்தக் காளையின் ஊசி என்று எல்லாம் இருக்கும். மலைக்கு வரும் ஊசி, காளையின் எண் அச்சடித்த சின்னக் குச்சிக் குழாயில் அடைத்தது, திரும்பத் திரும்ப நாலைந்து காளைகளுடையதுதான். பதிவு இல்லையென்றால், ஒரு கிடாரிக்கு அதன் தகப்பனுடைய ஊசியையே போட்டுவிட வாய்ப்பு உண்டு. "அப்படிப் போட்டா கன்னு நோஞ்சானா பொறக்கும் தங்கச்சி. பாலும் கம்மியாப்பூடும்" என்று அக்கா சொல்வார்.

முன்பெல்லாம் இதை நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி நோட்டுகள் பாதி ஊறிப்போயின. மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து கணினியில் ஏற்றி முடித்தார். அன்றைக்கு நான்தான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்: "இனிமே நோட்டு எதுக்குக்கா? நான் பாத்துக்கறேன்." அவர் நோட்டு எழுதுவதை விட்டுவிட்டார். என் ஒரு வார்த்தையை நம்பி விட்டார். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் நான் பட்ட பாடு முழுக்க இதனால்தான்.

நான் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். தினமும் வேலை முடிந்த பிறகு, மாட்டுப் பதிவுகள் இருக்கும் தரவுத்தளம் தன்னை ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அந்த நகல் நெட்வொர்க் வழியாக மலையிறங்கி, கள்ளக்குறிச்சி அலுவலகக் கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் வந்து உட்காரும். மேலே இடி விழுந்தாலும் கீழே ஒன்று பத்திரமாக இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடை சாத்தும் நேரத்தில் அக்கா போன் செய்தார்.

"தங்கச்சி, பொட்டி டக்கு டக்குனு சத்தம் போட்டுக்கினு கீது. இன்னான்னு தெரில."

உள்ளே இருக்கும் டிஸ்க் சாகப் போகிறது என்று எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது. "பயப்படாதீங்கக்கா, எல்லாம் கீழ பத்திரமா இருக்கு" என்று தெம்பாகச் சொல்லிவிட்டு, கடையில் இருந்தபடியே அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். கடைசியாக வந்த நகல் சித்திரை மாதத்தது, அதுவும் லைன் போய்ப் பாதியில் அறுந்தது; முந்தையதன் மேலேயே எழுதும்படி வைத்திருந்ததால் பழையதும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நகல் தோற்றுப்போனால் எனக்கு மின்னஞ்சல் வரும்படி வைத்திருந்தேன். ஒழுங்காகத்தான் வந்திருந்தது, தினம் ஒன்று. அதற்கென்றே தொடங்கிய ஒரு முகவரிக்கு. அந்த முகவரியைத் திறந்து பார்க்கத்தான் நான் மறந்திருந்தேன்.

அவசரத்துக்குப் பென் டிரைவில் எடுக்கலாம் என்றால், என் பசை கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அந்தக் கணினியிலேயே இன்னொரு நகல் எடுத்து வைக்கலாம் என்றால், மூக்குப் படங்களால் இடம் நிரம்பி வழிந்தது. அணைத்துவிட்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டு வரலாம் என்றால், அணைத்த பிறகு அது மறுபடி எழுந்திருக்கும் என்று யார் சொல்வது? நெட்வொர்க் வழியாகக் கீழே இறக்குவது ஒன்றுதான் வழி.

சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் அக்காவை மேலே உட்கார வைத்துவிட்டு, அவருடைய திரையை என் கடையில் திறந்துகொண்டு வேலையை ஆரம்பித்தேன். நகல் எடு என்று கட்டளை கொடுத்தேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. சரி, ஃபோல்டருக்கே போகமுடியவில்லை போலிருக்கிறது என்று அக்காவின் பெயரிலேயே அதைத் திறந்து பார்த்தேன். திறந்தது. உள்ளே ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கினேன். உருவானது. அழித்தேன். அழிந்தது. மறுபடி நகல் எடு என்றேன். அனுமதி மறுக்கப்பட்டது. அந்த ஃபோல்டருக்கு C, D போல ஒரு எழுத்து கொடுத்து, அந்தக் கணினியின் சொந்த டிரைவ் போலக் காட்டி ஏமாற்றப் பார்த்தேன். அப்படி ஒரு இடமே இல்லை என்றது. கதவு விரியத் திறந்திருக்க, உள்ளே வராதே என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? மேசையைக் குத்தினேன். கை வலித்தது.

"இன்னா தங்கச்சி, என்னமோ வுழற சத்தம் கேக்குது" என்றார் அக்கா போனில்.

"ஒண்ணும் இல்லக்கா. மேச."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் புத்தி வந்தது. கட்டளை கொடுப்பது அக்காவின் பெயர். ஆனால் நகலைத் தூக்கிக்கொண்டு மலையிறங்குவது அக்கா இல்லை. அந்த வேலைக்கென்று கணினிக்குள் தனியாக ஒரு கணக்கு உண்டு. அக்கா உள்ளே நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தரவுத்தளம் அந்தக் கணக்கின் பெயரில்தான் ஓடும். நானே உருவாக்கியதுதான். சுமை தூக்குகிறதே என்று அதற்கு 'சுமை' என்று பெயர் வைத்து, மேலேயும் கீழேயும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்திருந்தேன். அக்காவை ஃபோல்டர் உள்ளே விடுகிறது. சுமையை விடவில்லை. அக்கா பெயரில் நூறு தடவை திறந்து பார்த்து என்ன பயன்? சித்திரை வரை சுமையையும் விட்டுக்கொண்டுதானே இருந்தது, நடுவில் யார் கையை வைத்தது?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சங்க அலுவலகத்துக்கு நடந்தேன்.

சங்கத்தின் செயலாளர் அறுபதை நெருங்கியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எல்லா இடத்திலும் அதைத் தேடுபவர். நான் போனபோது பால் மாதிரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. இட்லி துன்றியா?"

"சார், அந்த நகல் ஃபோல்டர்ல யாராவது கைய வெச்சாங்களா?"

"யாரோ இன்னா, நாந்தான் வெச்சேன்" என்றார் பெருமையாக. "நீதானேம்மா அன்னிக்கி அந்தக் கத்து கத்தின? உள்ள யாரு யாரு வராங்கன்னு பாக்கவே மாட்டீங்களான்னு. அப்பலேர்ந்து ஒழுங்கா பாத்துக்கினுதான் வரேன்."

உண்மைதான். அந்தக் கல்யாண வீடியோ சமயத்தில் இவரையும் ஒரு பிடி பிடித்திருந்தேன். ஃபோல்டரை வலது பக்கம் சொடுக்கினால் உள்ளே வர அனுமதி உள்ளவர்களின் பட்டியல் தெரியும் என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

கையைக் கழுவிவிட்டு வந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். இங்கே சங்கத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருடாந்தரக் கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர் பட்டியலை அவர் உரக்க வாசிப்பார். இருக்கிறவர் கை தூக்குவார். இல்லாதவருக்கு யாராவது பதில் சொல்வார்கள்: "செத்துட்டாருங்க", "மாட்ட வித்துட்டு திருப்பூர் பூட்டாரு", "இருக்காரு, வூட்ல படுத்துக்கினு கீறாரு." ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை, அவருக்காகப் பேசவும் ஆள் இல்லை என்றால் அந்தப் பெயரில் கோடு விழும். போலி உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத சங்கம் என்று இவருக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

சித்திரையில் கூட்டம். உறுப்பினர் பட்டியல் முடிந்த கையோடு ஃபோல்டர் பட்டியலையும் வாசித்திருக்கிறார். அவர் காட்டிய பக்கத்தில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: "ஃபோல்டரில் அனுமதி பெற்றோர் பட்டியல் வாசிக்கப்பட்டது. சுமை என்பவர் மூன்று முறை அழைத்தும் ஆஜராகாததாலும், அவரை அறிந்தவர் எவரும் சபையில் இல்லாததாலும், மேற்படியாரின் பெயர் ஏகமனதாக நீக்கப்படுகிறது."

நான் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். கடைசி நகல் வந்ததற்கு மறுநாள்.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நாற்பது ஐம்பது பேர் பாயில் உட்கார்ந்திருக்க, இவர் கண்ணாடியை இறக்கிவிட்டு "சுமை... சுமை... சுமை" என்று கூப்பிடுவது கண்முன் வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா சிரிக்கற? நான் செஞ்சது தப்பா?"

"தப்பே இல்ல சார். யாருன்னு தெரியாதவன வெளிய தள்றதுதான் சரி. எவன்னு உங்ககிட்ட சொல்லாம வெச்சேன் பாருங்க, அது என் தப்பு." நான் இப்படிச் சொல்லிக் கேட்டவர்கள் ஊரில் மிகக் குறைவு.

விஷயத்தைச் சொன்னேன். மலைமேல் டிஸ்க் சாகக் கிடக்கிறது, ஒன்பது வருடப் பதிவு அதில் மட்டும்தான் இருக்கிறது, சுமையை உள்ளே விட்டால்தான் அது கீழே வரும். அவர் பதறித்தான் போனார். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. நீக்கியவரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு உறுப்பினர் பொறுப்பு ஏற்க வேண்டுமாம். எனக்கு மாடு கிடையாது, ஆகவே என் பொறுப்பு செல்லாது. மலை அக்கா உறுப்பினர். போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அம்மா, இந்த சுமைங்கறவன உனக்குத் தெரியுமா?" என்றார் செயலாளர், புத்தகத்தில் பேனாவை வைத்தபடி.

அக்காவுக்கு நான் காலையில்தான் சுமையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எங்க ஆளுதாங்க சார்!"

"எந்த ஊரு?"

"இங்கதாங்க. எங்க பொட்டிக்குள்ளதான் குடி."

"மாடு வெச்சிக்கினு கீறானா?"

"இந்த மலையில கீற மாடு எல்லாம் அவன் தலமேலதாங்க சார் வரப்போவுது. சீக்கிரம் வுடுங்க, பொட்டி சத்தம் ஜாஸ்தியாவுது!"

மூன்று வரித் தீர்மானம் ஒன்று எழுதி, சுமை சேர்க்கப்பட்டான். அவரே மவுஸைப் பிடித்து, நான் சொல்லச் சொல்லப் பெயரை அடித்து, எழுதும் அனுமதிக்கு நேரே டிக் போட்டார். நான் அங்கேயே அக்காவின் திரையைத் திறந்து, மேலே இருக்கும் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். அனுமதி மறுக்கப்பட்டது.

எனக்குக் கோபம் ஏறியது. "சார், வேற எங்கயாவது எடுத்தீங்களா?"

"ரெண்டு எடத்துல பேரு இருந்திச்சி, ரெண்டுத்துலயும் எடுத்தேன். வேலன்னா முழுசா செய்யணும்ல?"

ஃபோல்டருக்கு இரண்டு வாசல். நெட்வொர்க் வழியாக வருகிறவர்களைப் பார்க்கும் வெளிவாசலில் ஒரு பட்டியல், ஃபோல்டரின் உள்வாசலில் இன்னொரு பட்டியல். இரண்டிலும் பெயர் இருந்தால்தான் எழுத முடியும். அவர் சேர்த்தது உள்ளே மட்டும். வெளிவாசல் பட்டியலைத் திறந்து காட்டினேன். இதற்குத் தனித் தீர்மானம் வேண்டுமா என்று யோசித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தார்.

மறுபடி கட்டளை. இந்தமுறை திரை ஒன்றும் சொல்லாமல் நின்றது. பிறகு ஃபோல்டரில் ஒரு புதிய கோப்பு தலைகாட்டி மெல்ல வளரத் தொடங்கியது. பத்து சதவீதம் என்று வந்தபோது செயலாளர் கைதட்டினார்.

மலை நெட்வொர்க் மழையில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் வரை மூன்று பேரும் அசையவில்லை. அக்கா மேலே கணினிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை எடுத்தால் சத்தம் கூடுகிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அறிவியல்படி அதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் "எடுக்காதீங்கக்கா" என்றுதான் நானும் சொன்னேன். செயலாளர் போண்டா வாங்கிவரச் சொன்னார். பால் கொண்டுவந்த ஆட்களுக்கெல்லாம் திரையைக் காட்டி, "சுமை வந்துக்கினு கீறான், எழுபதுல கீறான்" என்று வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். எழுபதில் ரொம்ப நேரம் நின்றது. அப்போது யாரும் போண்டா தின்னவில்லை. பிறகு எண்பது. பிறகு நூறு.

சாயங்காலம் அந்தக் கோப்பை என் கடைக் கணினிக்கும் ஒரு படி எடுத்துக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பிரித்துப் பார்க்கவில்லை. இது எங்கள் தொழிலில் செய்யக்கூடாத சோம்பேறித்தனம். பிரித்துப் பார்க்காத நகல் உள்ளே முழுசாக இருக்கிறதா, அறுந்து கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, காத்தால கரண்ட் பூட்டு வந்திச்சி. பொட்டி எயிந்திரிக்கவே இல்ல. செத்துப்பூட்ச்சி." மூச்சு வாங்கினார். "அதுகூடப் பரவால்ல. எங்க வூட்டு வெள்ள நெத்திக் கெடேரி பருவத்துக்கு வந்து கத்திக்கினு கீது. மொத தடவ. ஊசி போடற தம்பி வந்து நிக்குது. சாயங்காலத்துக்குள்ள போடணும், வுட்டா இன்னும் மூணு வாரம். அதோட அப்பன் எந்தக் காளைன்னு எனக்குத் தெரியணும். எனக்கு நெனப்பு இல்ல தங்கச்சி. பொட்டில கீதுன்னு வுட்டுட்டேன்."

ஈரக்கையோடு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் எனக்குள் ஒரே பயம். அந்தக் கோப்பு பிரியாவிட்டால்? நோட்டு எதுக்குக்கா என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடையைப் பாதி ஷட்டர் தூக்கி உள்ளே நுழைந்து, மீட்டெடுக்கும் வேலையைப் போட்டேன். அது ஓட ஓட, போனில் அக்கா அந்தத் தம்பியோடு மல்லுக்கு நிற்பது கேட்டது. அவருக்கு இன்னும் மூன்று ஊர் போக வேண்டுமாம். "ஏதோ ஒண்ணப் போட்டுட்டுப் போறேன்க்கா, எல்லாம் நல்ல காளதான்" என்று அவர் சொல்ல, அக்கா அவருடைய பைக் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாராம். அதையும் எனக்கே போனில் அறிவித்தார்.

மீட்டெடுத்தது முடிந்தது. திறந்தேன். வெள்ளை நெற்றி என்று தேடினேன். நான்கு வந்தன. மூன்றாவதில் அக்கா வீட்டு அடையாளம். முதலில் படம்தான் திரையில் விரிந்தது: ஈரமாக, கறுப்பாக, புள்ளி புள்ளியாக ஒரு கன்றுக்குட்டியின் மூக்கு. ஒரு மாட்டு மூக்கைப் பார்த்து நான் கண்கலங்கினேன் என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"அக்கா, இருக்கு. எல்லாம் இருக்கு. தந்தை எண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. கடைசி மூணு... நாலு, ஒண்ணு, ஏழு."

அக்கா அடுத்துக் கேட்டது என்னையல்ல. "தம்பி, உன் கையில கீற குச்சில இன்னா எண்ணு போட்டுக்கீது, படி."

அந்தத் தம்பி ஒவ்வொன்றாக வாசித்தார். "நாலு... ஒண்ணு..." நிறுத்திவிட்டார். "ஏழுக்கா."

"அய்யோ, அப்பன்!" என்று அக்கா அலறியதில் போன் அதிர்ந்தது. "அத்த உள்ள வைய்யி தம்பி, உள்ள வைய்யி! வேற எடு!" அலறல் அப்படியே சிரிப்பாக மாறியது. அந்தத் தம்பியும் சிரித்தார். நான் பாதி ஷட்டருக்குள் தரையில் உட்கார்ந்து, ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். நடுவில் கிடாரி பெரிதாக ஒரு கத்து கத்தியது. அடுத்த குச்சியின் எண்ணை எனக்குச் சொல்லிவிட்டு, அதை இப்போதே கணினியில் ஏற்றச் சொன்னார் அக்கா. ஏற்றினேன்.